லேகாக் கிராமத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் "ஒரு நாள் லீவு இருக்கிறது, லண்டனை விட்டு வெளியே எங்கே போகலாம்" என்று கேட்டால் பாத், ஸ்டோன்ஹெஞ்ச், ஆக்ஸ்ஃபோர்டு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். போகட்டும், அவையும் நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரு ஆங்கிலக் கிராமமும் அதை ஆண்ட மாளிகையும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதை ஒரே நாளில், கால்நடையாகவே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் சொல்வது லேகாக். வில்ட்ஷயரில் சிப்பன்ஹாம் ஊருக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டர். மொத்தமே நாலு தெரு: ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட். கிராமத்தின் ஓரத்தில், புல்வெளி நடுவே லேகாக் அபே என்ற மாளிகை.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும். இந்தக் கிராமம் துண்டு துண்டாக விற்கப்படவே இல்லை. 1232-ல் சாலிஸ்பரி சீமாட்டி ஏலா இங்கே ஒரு கன்னியர் மடத்தை நிறுவி, லேகாக் நிலத்தையும் அதற்கே எழுதி வைத்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539-ல் இதுவும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே வில்லியம் ஷாரிங்டன் என்பவர் 783 பவுண்டுக்கு மடத்தை வாங்கினார். அவருடைய வாரிசுகள் வழியாக அது டால்பட் குடும்பத்துக்கு வந்தது. கடைசியாக மெட்டில்டா டால்பட் 1944-ல் மாளிகையையும் ஏறக்குறைய முழுக் கிராமத்தையும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். மடம், ஒரு குடும்பத் தொடர், அறக்கட்டளை, அவ்வளவுதான் எழுநூறு ஆண்டுகளின் சொத்துக் கணக்கு. இது தெரியாமல் போனால் அழகான கல் வீடுகளையும் சினிமாப் படப்பிடிப்பு நடந்த இடங்களையும் பார்த்துவிட்டு வருவீர்கள். தெரிந்து போனால் களஞ்சியம் ஏன் அங்கே இருக்கிறது, தெரு ஏன் அவ்வளவு அகலம், மாளிகையின் கீழ்த்தளம் ஏன் மடம் மாதிரியே இருக்கிறது என்று ஒவ்வொன்றும் கேள்வி கேட்கும், பதிலும் பக்கத்திலேயே இருக்கும்.

முதல் வேலை: நாள் பார்ப்பது

வார நாளாக இருந்தால் உத்தமம். கோடைக்கால ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் அந்த நாலு தெருவுக்குள் இத்தனை பேர் எப்படி நுழைந்தார்கள் என்று மலைக்கும் அளவுக்குக் கூட்டம் இருக்கும். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் என் மனதுக்குப் பிடித்த காலம். குளிர்தான், ஆனால் அபே தோட்டத்தில் ஸ்னோடிராப், குரோக்கஸ் பூக்கள் தரையோடு தரையாகப் பூத்திருக்கும், கூட்டமும் குறைவு. டிசம்பரில் போனால் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் முடிவானதும் நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தில் லேகாக் பக்கத்தைத் திறந்து, அன்று எந்தெந்தப் பகுதி திறந்திருக்கும் என்று பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோட்டமும் கீழ்த்தளத் தாழ்வாரமும் திறந்திருக்கிற நாளில் மாடி அறைகள் மூடியிருக்கலாம். குளிர்காலத்தில் இது சகஜம். படப்பிடிப்பு நடந்தாலும் சில பகுதிகளை அடைத்துவிடுவார்கள். இன்று பிழைத்திருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவில் பதிந்த, புகைப்பட வரலாற்றின் புகழ்பெற்ற ஜன்னல் மாடியில்தான் இருக்கிறது. அதற்காகவே போகிறவர்கள் மாடி திறந்திருக்கும் நாளாகப் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

போய்ச் சேர்வது

ரயில் என்றால் லண்டன் பேடிங்டனிலிருந்து சிப்பன்ஹாம். ஒன்றேகால் மணி நேரம், வண்டியைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. பிரிஸ்டல் போகும் வண்டியில் ஏறினால் போதும். பாத் ஸ்பாவில் ஏற்கெனவே தங்கியிருந்தால் இன்னும் சுலபம், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சிப்பன்ஹாம் வந்துவிடும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். காலை நெரிசல் நேரம் முடிந்த பிறகு கிளம்பும் ஆஃப்-பீக் டிக்கெட்டும் பரவாயில்லை.

லேகாக்கில் ரயில் நிலையம் இல்லை. சிப்பன்ஹாமில் இறங்கி, ஊருக்குள் நடந்து பேருந்து நிலையத்துக்குப் போய், ட்ரோபிரிட்ஜ், ஃப்ரோம் பக்கம் போகும் எக்ஸ்34 பேருந்தைப் பிடிக்க வேண்டும். கால் மணி நேரப் பயணம். ஓட்டுநரிடம் "லேகாக்" என்று முன்பே சொல்லி வைத்தால் இறங்குமிடத்தில் சொல்லிவிடுவார். அட்டவணையை அன்றைக்குக் காலையில் ஒரு தடவை போனில் பார்த்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறப் பேருந்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். நாலு பேராகப் போகிறீர்கள் என்றால் சிப்பன்ஹாமிலிருந்து டாக்ஸியே கட்டுப்படியாகும்.

காரில் வருகிறவர்கள் எம்4 நெடுஞ்சாலையில் 17ஆம் சந்திப்பில் இறங்கி ஏ350 வழியாகத் தெற்கே வாருங்கள். வழிகாட்டிக் கருவியில் எஸ்என்15 2எல்ஜி என்ற அஞ்சல் குறியீட்டைப் போட்டால் போதும். கிராமத்துக்குள் வண்டியை நுழைக்காதீர்கள். ஊருக்கு வெளியே ஹிதர் வே சாலையில் பெரிய கார் நிறுத்தம் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு சில நிமிடம் நடந்தால் ஹை ஸ்ட்ரீட். தெருவில் மஞ்சள் கோடு இல்லையே என்று உள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் உண்டு. பழைய தோற்றம் கெடக்கூடாது என்றுதான் அங்கே கோடு போடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் அங்கே குடியிருக்கிறவர்களின் வண்டிகளுக்கே போதாது.

டிக்கெட் யாருக்குத் தேவை

கிராமத்தைச் சுற்றிப் பார்க்கக் காசு இல்லை. அது ஊர், யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அபே மாளிகை, தோட்டம், புகைப்பட அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குத்தான் டிக்கெட். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினருக்கு இலவசம், கார் நிறுத்தமும் இலவசம். நேஷனல் டிரஸ்ட் என்பது அரசுத் துறை அல்ல, 1895-ல் தொடங்கிய அறக்கட்டளை. பழைய மாளிகைகள், கடற்கரைகள், தோட்டங்கள் என்று நூற்றுக்கணக்கான இடங்களைப் பராமரிக்கிறது. குடும்பத்தோடு இங்கே சில வருடம் இருக்கப்போகிறவர்கள், வருடத்துக்கு மூன்று நான்கு இடமாவது போவோம் என்றால் உறுப்பினர் ஆவதுதான் லாபம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை ஒரே ஒரு தடவை கூட்டிப்போகிறீர்கள் என்றால் அன்றைய டிக்கெட்டே போதும்.

தசமபாகக் களஞ்சியத்தில் தொடங்குங்கள்

வந்தவுடன் நேராக மாளிகைக்கு ஓடாதீர்கள். ஹை ஸ்ட்ரீட்டும் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து மேலேறி உச்சியில் சந்திக்கும் ஓக் மரச்சட்டங்கள், எட்டுக் கண்ணறை நீளத்துக்கு, அதாவது சட்டங்களுக்கு இடையே எட்டுப் பகுதிகள். கிராமத்து விவசாயிகள் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கை மடத்துக்குத் தசமபாகமாகச் செலுத்த வேண்டும். தானியமாக, தோலாக, ஆட்டுக் கம்பளியாக அது இங்கேதான் வந்து குவிந்தது. மாளிகையின் தாழ்வாரத்தில் நீங்கள் பிறகு பார்க்கப்போகும் கல் வேலைப்பாடு எல்லாம் யார் உழைப்பில் எழுந்தது என்பது இந்தக் கூரையின் கீழ் நின்றால்தான் உறைக்கும். அதனால்தான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

பக்கத்திலேயே ஒரு சின்னக் கல் அறை இருக்கும், குவிந்த கூரை, ஜன்னல் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறவர்களை ஒரு ராத்திரி அடைத்து வைத்த இடம். ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம்.

தெருக்களைப் பார்க்கும் விதம்

ஹை ஸ்ட்ரீட் இந்த அளவுக் கிராமத்துக்குப் பொருந்தாத அகலம். சந்தை கூடிய தெரு அது. 13ஆம் நூற்றாண்டிலேயே லேகாக்குக்குச் சந்தை நடத்தும் உரிமை கிடைத்திருந்தது. கம்பளியும் துணியும்தான் ஊரின் செல்வம். மார்ல்பரோவிலிருந்து பிரிஸ்டல் போகும் பாதையில் இருந்ததால் வியாபாரிகள் வந்து போனார்கள். நெசவாளர் வீடுகளில் தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று மாடியில் அகலமான ஜன்னல் வைத்தார்கள், நடக்கும்போது மேல்மாடிகளைக் கவனியுங்கள். பின்னாளில் துணித் தொழில் ஆலைகள் இருந்த ஊர்களுக்குப் போய்விட்டது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, மொத்த ஊருக்கும் நிலக்காரர் ஒருவரே என்பதால் துண்டு போட்டு விற்பனையும் இல்லை. ஊர் அப்படியே நின்றதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். இன்று அதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, ஆனால் அன்று அது ஊருக்கு நல்ல காலம் அல்ல.

சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில், தரையிலிருந்தே புறப்பட்டு வளைந்து கூரை உச்சிவரை போகும் இரண்டு பெரிய மரங்கள் வெளியே தெரியும். களஞ்சியத்தில் பார்த்த அதே கட்டுமானம். ஒரே மரத்தை நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியையும் எதிரெதிராக நிறுத்திக் கூரையைத் தாங்க வைக்கும் முறை. ஹை ஸ்ட்ரீட்டில் ரெட் லயன் பப் இதற்கு நேர் எதிர், 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்பு. மூன்று நான்கு நூற்றாண்டுக் கட்டட முறைகள் அடுத்தடுத்து நிற்பதை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். டிவி ஆண்டெனா, மின்கம்பி எதுவும் கண்ணில் படாது. கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோய்விட்டார்கள். சரித்திரப் படம் எடுக்கிறவர்கள் இங்கே படையெடுப்பதற்கு அதுவே முக்கிய காரணம்.

இப்போது முக்கியமான ஒன்று. இந்த வீடுகளில் ஆட்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வீட்டு வாசலே தெருவோரம்தான், நடுவில் முன்கட்டோ வேலியோ கிடையாது, ஜன்னல் உங்கள் தோள் உயரத்தில் இருக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பது, கண்ணாடியில் போனை ஒட்டிப் படம் எடுப்பது, வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது, கல்யாண ஆல்பத்துக்காகக் கதவில் சாய்ந்து போஸ் கொடுப்பது எதுவும் வேண்டாம். தெருவைப் படம் எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டிரோன் பறக்க விட நேஷனல் டிரஸ்ட் இடங்களில் அனுமதி இல்லை. சில வீட்டு வாசலில் ஜாம், கேக் மாதிரி ஏதாவது வைத்துப் பக்கத்தில் காசுப் பெட்டி ஒன்றும் வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது, விலை எழுதியிருக்கும், நீங்களாகக் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

பப்களில் மதிய சமையல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு, இரண்டரைக்கெல்லாம் முடிந்துவிடலாம். மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும். அதனால் தெருக்களைப் பார்த்து முடித்ததும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு அபேக்குப் போவது நல்லது. நிறைய பப்களில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், கவுண்டருக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுத்து அங்கேயே பணமும் கட்ட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வகை எல்லா இடத்திலும் இருக்கும். அது பிடிக்காவிட்டால் டீக்கடைகளில் தோலோடு சுட்ட உருளைக்கிழங்கின் மேல் சீஸும் பீன்ஸும் போட்டுத் தருவது, ஸ்கோன், சூப் என்று வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். காரம் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டு வாருங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாலும் அபே தோட்டத்தில் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஜார்ஜ் இன் பப்பில் சாப்பிடாவிட்டாலும் ஒரு காபியாவது குடியுங்கள். பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் மரச்சக்கரம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குள் ஒரு குட்டை நாயை விட்டு ஓட வைப்பார்கள். நாய் ஓட ஓடச் சக்கரம் சுழலும், சக்கரத்தோடு இணைத்த கம்பி சுழலும், கம்பியில் குத்திய இறைச்சி நெருப்பில் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும். இந்த வேலைக்கென்றே வளர்த்த நாய் இனம் இருந்தது. சக்கரத்தின் அளவைப் பார்த்தால் அந்த நாய் எவ்வளவு சின்னது, நெருப்புக்கு எவ்வளவு அருகில் ஓடியது என்று புரியும். மனது கஷ்டப்படும்.

அபேயின் கீழ்த்தளம்

நுழைவாயிலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனதும் மாளிகையின் முகப்பை நோக்கிப் புல்வெளியில் கொஞ்சம் நடந்து நில்லுங்கள். வலப்பக்கக் கோடியில் எட்டுப்பட்டைக் கோபுரம் தெரிகிறதா? அது ஷாரிங்டன் கட்டியது. மடத்தின் தேவாலயத்தை அவர் இடித்துவிட்டார், அதனால்தான் இன்று இங்கே தேவாலயம் இல்லை. ஆனால் கன்னியர்கள் வாழ்ந்த மற்ற கட்டடங்களை இடிக்காமல், அவற்றின் தலைக்கு மேலேயே தன் வீட்டை எழுப்பிக்கொண்டார். மற்ற பல மடங்களை வாங்கியவர்கள் கல்லுக்காக மொத்தத்தையும் உடைத்து விற்றார்கள். இவர் யோக்கியர் என்று நினைக்க வேண்டாம். பிரிஸ்டல் நாணயச் சாலையில் பொறுப்பில் இருந்துகொண்டு நாணயத்தில் மோசடி செய்து 1549-ல் கைதானவர். பிறகு மன்னிப்புக் கிடைத்து, பணம் கட்டிச் சொத்தை மீட்டுக்கொண்டார்.

கீழே நுழைந்தால் நம் ஊர் முற்றம் வைத்த வீட்டில் நடப்பது போலத்தான் இருக்கும்: நடுவில் திறந்த புல்தரை, சுற்றிலும் கல் விதானத் தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து அறைகளுக்கு வாசல்கள். விதானத்தில் கல் விலாக்கள் கூடும் இடங்களில் எல்லாம் சின்னச் சின்னச் சிற்பங்கள். கழுத்து வலித்தாலும் நிதானமாகப் பாருங்கள். பிறகு வரிசையாக மூன்று அறைகள். பூசைப் பொருள்கள் வைத்த அறை, கன்னியர்கள் தினமும் கூடிப் பேசிய அறை, அப்புறம் குளிர்காய்கிற அறை. மடத்தில் கன்னியர்கள் குளிர்காய நெருப்பு மூட்டியது அந்த ஒரு அறையில்தான். ஜனவரியில் போய் அந்தக் கல் தரையில் ஐந்து நிமிடம் நின்றால் அதன் அருமை தெரியும். அங்கே ஒரு பெரிய உலோக அண்டா இருக்கிறது, 1500-ல் மெக்கலன் நகரில் (இன்றைய பெல்ஜியம்) வார்த்தது.

ஹாரி பாட்டர் படங்களின் பள்ளிக் காட்சிகள் சில இந்தத் தாழ்வாரத்திலும் அறைகளிலும் எடுக்கப்பட்டன. பிள்ளைகளோடு போனால் அவர்கள் அதைத்தான் தேடுவார்கள், தேடட்டும். கூடவே ஏலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கணவர் வில்லியம் லாங்கெஸ்பே 1226-ல் இறந்த பிறகு, ஆண்களே வகித்துவந்த வில்ட்ஷயர் ஷெரிஃப் பதவியில் இருந்த பெண்மணி அவர். மடத்தை நிறுவி, பின்னர் தானே அதன் தலைவியாகவும் ஆனார். 1225-ல் மீண்டும் வெளியிட்ட மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் பிரதி ஒன்று எழுநூறு ஆண்டுகள் இந்தக் கட்டடத்தில் பத்திரமாக இருந்தது. மெட்டில்டா டால்பட் அதை நாட்டுக்குக் கொடுத்தார். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

ஒரு முன்னெச்சரிக்கை. தரை மேடு பள்ளமான கல், சில இடத்தில் படி. முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் தட்டையான, பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

மாடியும் அந்த ஜன்னலும்

மாடியில் முதலில் உயரமான பெரிய கூடம். 1750-களில் ஜான் ஐவரி டால்பட் என்பவர் சாண்டர்சன் மில்லர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டியது. சுவரெங்கும் சுட்ட மண் சிலைகள், கூரையில் குடும்பத்தின் நண்பர்களது சின்னங்கள். பார்த்துவிட்டு நகருங்கள். நேரத்தைத் தெற்குக் கூடத்துக்கு மிச்சம் வையுங்கள்.

தெற்குக் கூடத்தில் வெளிப்பக்கம் புடைத்த ஜன்னல்கள் மூன்று. அதில் நடுவில் உள்ளது சாதாரண ஜன்னல்தான், சிறு சிறு கண்ணாடிச் சில்லுகளை ஈயப் பட்டையால் கோத்தது, மூலைவிட்டமாக. இந்த வீட்டின் அன்றைய உரிமையாளரும் புகைப்பட முன்னோடியுமான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் இதன் எதிரே ஒரு சின்ன மரப்பெட்டியைக் கேமராவாக வைத்தார். பெட்டியைச் செய்தவர் கிராமத்துத் தச்சர். அந்தப் பெட்டிகள் வீடு முழுக்கக் கிடந்ததைப் பார்த்து டால்பட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் "எலிப்பொறி" என்று பெயர் வைத்தார். உள்ளே இருந்தது, உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி, வெள்ளி நைட்ரேட் பூசிய காகிதம். ஒளி பட்ட இடம் கறுத்தது, படாத இடம் வெளுப்பாக நின்றது. வானத்தின் வெளிச்சம் வந்த கண்ணாடிச் சில்லுகள் கறுப்பு, ஈயப் பட்டைகள் வெளுப்பு. இன்றுவரை பிழைத்திருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான். தபால் தலை அளவே இருக்கும். எடுத்த புதிதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ண முடிந்தது என்று டால்பட் தன் கையாலேயே அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

நீங்களும் அதே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. வெளிச்சம் எதிரில் இருப்பதால் அறை இருட்டாகி ஜன்னல் மட்டும் பளிச்சென்று விழும். டால்பட் ஏன் ஜன்னலைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அன்றைய காகிதத்துக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டும்.

அவருக்கு இந்த எண்ணம் வந்தது 1833-ல், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில். காட்சியை வரைய உதவும் கருவி கையில் இருந்தும் படம் சரியாக வரவில்லை. காட்சி தானே காகிதத்தில் பதிந்தால் என்ன என்று யோசித்தார். 1839 ஜனவரியில் பிரான்சில் டகேர் என்பவர் தன் புகைப்பட முறையை அறிவித்தபோது டால்பட் அவசரமாகத் தன் வேலையை வெளியிட்டார். டகேர் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம்தான், பிரதி எடுக்க முடியாது. டால்பட் முறையில் ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். 1841-ல் காலோடைப் என்று காப்புரிமை வாங்கிய முறையில், கண்ணுக்குத் தெரியாமல் பதிந்த படத்தைக் காலிக் அமிலம் சேர்ந்த கரைசலால் வெளிக்கொண்டு வந்தார். டிஜிட்டல் வரும்வரை ஸ்டுடியோக்களில் நாம் கண்ட நெகட்டிவ், பிரிண்ட் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

கீழே இறங்கியதும் பின்பக்க முற்றத்துக்குப் போங்கள். ஷாரிங்டன் காலத்துக் குதிரை லாயமும் பீர் காய்ச்சும் கூடமும் அங்கே இருக்கின்றன. இந்த வீட்டு வேலைக்காரர்களும் ஏணியும் வைக்கோற்போரும் கதவோரம் சாய்த்த துடைப்பமும்தான் டால்பட்டின் புகழ்பெற்ற படங்களில் இருப்பவை. அவரிடம் வேலை பார்த்த நிக்கோலாஸ் ஹென்மன் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு, ரெடிங் நகரில் பிரிண்ட் போடும் கூடத்தையே நடத்தினார். எஸ்டேட் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பதை இந்த முற்றத்தில் நேரில் பார்க்கலாம்: ஓய்வு நேரமும் பணமும் எஜமானருக்கு, படத்துக்கு நிற்கவும் பெட்டி செய்யவும் பிரிண்ட் போடவும் ஆட்கள் கிராமத்திலிருந்தும் வீட்டிலிருந்தும்.

அருங்காட்சியகமும் தஞ்சாவூரும்

வாசலுக்கு அருகே பழைய களஞ்சியக் கட்டடத்தில் ஃபாக்ஸ் டால்பட் அருங்காட்சியகம், 1975-ல் தொடங்கியது. மாடி அறைகள் மூடியிருக்கும் நாளிலும் இதைத் தவறவிடாதீர்கள். பழைய கேமராக்களும் செய்முறை விளக்கமும் இருக்கின்றன.

தமிழர்கள் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியவர் ஒருவர் உண்டு: லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்து, பிறகு மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் ஆனவர். 1857–58-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றி, பெரிய கோயிலையும் மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். காகிதத்தில் மெழுகு ஏற்றிய முறை, டால்பட் முறையின் கிளை. அன்றைய இன்னொரு முறையான கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் கொண்டு போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியும் வைத்தார். ராஜராஜன் காலத்து எழுத்துகள் முதலில் காகிதத்தில் படமாகப் பதிந்ததற்கும், மாடியில் பார்த்த ஜன்னலுக்கும் இடையில் இருபத்துச் சொச்சம் ஆண்டுதான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் அவருடைய படங்கள் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். லேகாக் போவதற்கு முதல் நாள் அவற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

நேரம் மிச்சம் இருந்தால்

சர்ச் ஸ்ட்ரீட் கோடியில் புனித சிரியாக் தேவாலயம். ஷாரிங்டனின் கல்லறைச் சின்னம் உள்ளே இருக்கிறது. வழிபாடு நடந்தால் காத்திருங்கள், இல்லையென்றால் தாராளமாக உள்ளே போகலாம், உண்டியலில் ஏதாவது போடுங்கள். அதைத் தாண்டி நடந்தால் பைட் புரூக் என்ற ஓடை சாலையின் குறுக்கே ஓடும். வண்டிகள் தண்ணீரில் இறங்கித்தான் கடக்கும், நடப்பவர்களுக்குப் பக்கத்தில் பொதிக்குதிரைகளுக்காகக் கட்டிய பழைய சிறு பாலம். அங்கிருந்து வயல் பாதையில் ரேபிரிட்ஜ் என்ற சிற்றூர் வரை போய், ஏவன் ஆற்றைக் கடந்து புல்வெளி வழியாக லேகாக் திரும்பலாம். மழை பெய்த மறுநாள் சேறு கணுக்கால்வரை வரும், ஆறு பெருகினால் அந்தப் புல்வெளியில் தண்ணீர் நிற்கும், அப்போது போகாதீர்கள். மாடு மேயும் வயலில் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போவது இங்கே கட்டாய மரியாதை.

டால்பட் 1877-ல் இந்த வீட்டிலேயே காலமானார். கிராமத்து இடுகாட்டில்தான் அடக்கம். புகைப்படத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மொத்தத்தில் காலை பத்தரைக்கு வந்து சேர்ந்தால் களஞ்சியமும் தெருக்களும் பன்னிரண்டு வரை, சாப்பாடு ஒரு மணி வரை, அபேயும் அருங்காட்சியகமும் நாலு மணி வரை என்று சரியாக இருக்கும். திரும்பும் பேருந்து நேரத்தை வரும்போதே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையிலிருந்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல் சுவர்களுக்குள் போன் சிக்னல் பல இடத்தில் கிடைப்பதில்லை. சிப்பன்ஹாம் போகும் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்பதையும் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.